அது யாருடைய பூட்டு?

மார்ச் 3

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளையும் சுகம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போதெல்லாம் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? உன் ஆபீஸ் மாடிப்படியில் விளக்குப் போட்டாகிவிட்டதா? மற்றவர்களின் பாதுகாப்புக்காக வாதாடும் வக்கீல், தன் படியில் தானே இடறி விழுந்தாள் என்று நாலு பேர் சிரிக்கக்கூடாது.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்டுவிடுகிறாய். அதற்காகத்தானே ஆறு வயதிலேயே உனக்கு இந்தப் பெயரை வைத்தேன். காகிதம் என்றால் பதில் வரும்வரை நீ காத்திருந்துதான் ஆகவேண்டும்.

எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் போன மாதம் ஒரு விபத்து. என்னோடு வேலை பார்க்கும் ஃபிட்டர் நெட்டையை உனக்கு நினைவிருக்கும். நம் வீட்டுக்கு வந்தவன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, நிலைப்படியிடமே ‘ஸாரி’ சொன்னானே, அவன்தான். கலவைத் தொட்டிக்குள் இறங்கி, துடுப்புகளில் ஒட்டிக் காய்ந்த சோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்போது இயந்திரம் ஓடிவிட்டது. அரைச் சுற்றுதான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

எங்கள் முறை உனக்குத் தெரிந்ததுதான். இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கவேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. பூட்டில் அவனவன் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும். பூட்டு இருக்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. நெட்டை பூட்டு மாட்டாமல் இறங்கினான் என்று அறிக்கையில் இருக்கிறது. ‘உன் பூட்டு எங்கே’ என்று கேட்டதற்கு அவனால் காட்ட முடியவில்லை. விசாரணை வைத்து வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள்.

ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன். பூட்டுப் போடாமல் இறங்கியவனுக்குச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா?

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. படியில் விளக்குப் போட்டாகிவிட்டது. இப்போது கட்சிக்காரர்கள் இடறாமல் வந்து விழாமல் அழுகிறார்கள். அண்ணிக்கு என் அன்பு. முழங்காலைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டு.

உன் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் ஒன்று. பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளை இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடக்கிறது. பிள்ளை செய்தது தப்புதான். அதற்காக, வருகிற வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமா? பள்ளிக்கூடம் என்று போர்டு வைத்திருப்பதே பிள்ளைகள் பார்க்காமல் ஓடும் என்று தெரிந்துதான். தொழிற்சாலையும் அப்படித்தான். உள்ளே ஒரு ஆள் இருக்கிறாரா என்று எட்டிப்பார்க்காமல் பட்டனை அழுத்தியவருக்கும், அவரை அப்படி அவசரப்பட வைத்தவர்களுக்கும் பொறுப்பு உண்டு. நெட்டை பூட்டை மறந்திருந்தாலும் அவர் பக்கம் பேச இடமிருக்கிறது.

ஆனால் அண்ணா, நான் பிழைப்பதே மற்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான். ‘பூட்டு மாட்டாமல் இறங்கினான் என்று அறிக்கையில் இருக்கிறது’ என்று நீ எழுதியிருக்கிறாய். ‘அவன் பூட்டு மாட்டவில்லை’ என்று நீ எங்கேயும் எழுதவில்லை. கடிதத்தை மூன்று தரம் படித்துப் பார்த்துவிட்டேன்.

அதனால் மூன்று கேள்வி. பட்டனை அழுத்தியது யார்? அப்போது நீ எங்கே இருந்தாய்? சுவிட்சில் ஏதாவது பூட்டு தொங்கியதா? தொங்கியிருந்தால், அது யாருடைய பூட்டு?

நாலாகிவிட்டது. மன்னித்துவிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கச்சி


மார்ச் 29

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகியது. ஒரு வாரம் அதோடு போயிற்று. பாத்திரங்களை எங்கெங்கே வைத்தால் சொட்டு சரியாக விழும் என்பதில் உன் அண்ணி இப்போது பெரிய நிபுணர்.

கேட்டதற்குப் பதில். பட்டனை அழுத்தியது எங்கள் சூப்பர்வைசர். வாயைத் திறந்தால் ‘சீக்கிரம், சீக்கிரம்’தான் வரும் என்பதால் ‘சீக்கிரம் சார்’ என்றே பெயராகிவிட்டது. அவர் வீட்டுப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி. நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். இருபது அடி தூரம் இருக்கும். சத்தம் கேட்டு ஓடிவந்து அவசர பட்டனை அடித்து நிறுத்தியது நான்தான்.

நெட்டையை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டில் அவனுக்குப் போதவில்லை. கட்டுப் போட்ட கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நர்ஸுகள் அதில் துண்டு காயப்போடாததுதான் பாக்கி. அவன் மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் நேராக அங்கேதான் வருகிறாள். நான் போனதும், “அண்ணே, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க” என்றான். கால் முறிந்து படுத்திருப்பவன் எனக்குச் சொல்கிறான்.

விசாரணை மே மாதக் கடைசியில். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

கூரை ஒழுகுவது நின்றுவிட்டதா? இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் கழுத்துவரை. கேள்விகளில் கடைசி இரண்டை மட்டும் நீ விட்டுவிட்டாய். மறதியாகக்கூட இருக்கலாம். ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து எழுதினால் யாருக்கும் மறக்கும்.

ஒரு கதை சொல்கிறேன். நான் வக்கீலாகி மூன்றாம் வருஷம். ஒரு பெரிய சலவை நிலையத்தில், படுக்கை விரிப்புகளை அழுத்தித் தேய்க்கும் சூடான உருளையில் ஒரு பெண்ணின் கை மாட்டிக்கொண்டது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை இருக்கவேண்டும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றிவிட்டார்கள். ‘அவளே கழற்றினாள்’ என்றது நிர்வாகம். கழற்றியதைப் பார்த்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் பார்க்கவில்லை என்றார்கள். கேஸ் தோற்றது.

இரண்டு மாதம் கழித்து அந்த நாலு பேரில் ஒரு அம்மா என் ஆபீஸுக்கு வந்தார். மழையே இல்லை, கையில் குடை. அதை விரிப்பதும் மடக்குவதுமாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “நான் பார்த்தேம்மா. என் கண்ணு முன்னாலதான் கழட்டினாங்க” என்றார். “கேஸ் முடிஞ்சு போச்சேம்மா” என்றேன். “தெரியும். அதனாலதான் வந்தேன்” என்றார்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் வேலை வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் குடை விரிந்து மடங்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதுவரை எழுதியது வக்கீல். இனி தங்கச்சி. உன் எழுத்து ஏன் இப்படி ஒரு பக்கமாகச் சாய்கிறது? சாப்பிடுகிறாயா?

எப்போதும் உன்,
கேள்விக்குறி


ஏப்ரல் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது உன் கல்யாணத்துக்கு முன்னால் என்று நினைக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பிள்ளை நன்றாகப் படிக்கிறான். எனக்கு ஒரு குறையுமில்லை. உன் அண்ணனைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். பதில் எழுத உட்காருவார். ‘அன்புள்ள’ என்று போடுவார். எழுந்து போய்க் குழாயைச் சரி செய்வார். வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை. இருக்கிற எல்லாக் குழாயையும் அவர் இறுக்கியதில் இப்போது எனக்குத் திறக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஷூ பாலிஷ் பெட்டியைத் திறந்தேன். பிரஷ்ஷுக்குக் கீழே கைக்குட்டையில் சுற்றி ஒரு சிவப்புப் பூட்டு. வளையம் குறுக்கே வெட்டியிருக்கிறது. அட்டையில் இவர் போட்டோ. அப்படியே சுற்றி வைத்துவிட்டேன். இந்த வீட்டில் ஷூவுக்கு பாலிஷ் போடுவது நான்தான் என்பதை இருபத்திரண்டு வருஷமாக அவர் கவனித்ததில்லை. அதனால்தான் பத்திரமான இடம் என்று அங்கே ஒளித்திருக்கிறார்.

எனக்கு அது என்னவென்று புரியவில்லை. கேட்டால் உடைந்துபோவார் என்று தோன்றுகிறது. உனக்குப் புரியும். நான் எழுதியதாகச் சொல்லாதே.

உன்,
அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஆசை. இந்த முறை உதாரணம் ஒன்றுமில்லை, கதையும் இல்லை. கேள்வி ஒன்றுதான், பழைய கேள்விதான்.

அது யாருடைய பூட்டு?

நீ என்ன பதில் எழுதினாலும் நான் உன் தங்கச்சிதான். அதில் விசாரணைக்கு இடமில்லை.

அன்புடன்,
தங்கச்சி


மே 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

என்னுடையது.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு எட்டு வாரம் ஆயிற்று. எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இனி எழுத வருகிறது.

அன்று காலை நெட்டை கையைப் பிசைந்துகொண்டு வந்தான்.

“அண்ணே, பூட்டு கொண்டாரலை.”

“எங்கடா போச்சு?”

“பாப்பா சைக்கிள் பூட்டு உடைஞ்சிருச்சுண்ணே. ஒரே ஒரு நாளைக்குன்னு என் சிவப்புப் பூட்டைக் குடுத்தேன். இன்னிக்கும் அதையே மாட்டிக்கிட்டு பள்ளிக்கூடம் போயிட்டா.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஏண்டா, சைக்கிள்ல உன் போட்டோவும் தொங்குதா? அப்ப எந்தத் திருடனும் கிட்ட வரமாட்டான்” என்றேன். அவனும் சிரித்தான். ஸ்டோரில் வேறு பூட்டுக் கேட்டால் மெமோ கொடுப்பார்கள். நான் அன்று பட்டறை மேஜையில்தான் வேலை பார்க்கப் போகிறேன். என் பூட்டையும் சாவியையும் எடுத்துக் கொடுத்தேன். பல் துலக்கும் பிரஷ் மாதிரி, பூட்டையும் இரவல் கொடுக்கக்கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். நானே கொடுத்தேன். ஒரு மணி நேர வேலைதானே என்று.

அவன் முறைப்படி சுவிட்சை அணைத்தான், பூட்டினான், இறங்கினான். நான் டீ குடிக்கப் போனேன். சீக்கிரம் சார் வந்தார். பூட்டில் தொங்குவது என் முகம். அந்த முகமே இருபது அடியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் நான் நிஜமாகவே பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் இயந்திரம் நின்று, மேலிடத்தில் அவருக்குச் செம திட்டு. மறுபடியும் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. இரும்பு வெட்டும் நீளக் கத்தரியை எடுத்து வந்து வெட்டினார், பட்டனை அழுத்தினார். நான் ஓடிப்போய் நிறுத்தியபோது டீ கிளாஸ் இன்னும் என் கையில் இருந்தது.

பூட்டைக் குப்பை டிரம்மிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாமலே. மறுநாள் அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “நீ பூட்டை இரவல் குடுத்தே. நான் வெட்டினேன். உண்மை வெளியே வந்தா ரெண்டு பேருக்கும் வேலை போகும். பூட்டே இல்லைன்னு ஆயிட்டா ரெண்டு பேரும் பிழைச்சோம்” என்றார். விதிப் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது: பூட்டை இரவல் கொடுத்தால் வேலை நீக்கம். வேலை போனால் முப்பது நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பிள்ளைக்கு இது கடைசி வருஷப் படிப்பு.

நெட்டையிடம் சொன்னேன். “விடுங்கண்ணே. முறிஞ்சது முறிஞ்சு போச்சு. உங்க வீடும் ஏன் போகணும்?” என்றான். அவன் வாயை மூடிக்கொண்டதால்தான் நான் இந்த வீட்டில் குடியிருக்கிறேன். ஒழுகுவது கூரை மட்டுமில்லை.

விசாரணை மே 26. நான் என்ன சொல்லவேண்டும் என்று எழுது. ஒரு எழுத்து மாறாமல் சொல்லிவிடுகிறேன்.

உன்,
அண்ணன்


மே 13

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன். பக்கத்து அறையிலிருந்து குமாஸ்தா எட்டிப்பார்த்தார்.

முதலில் வக்கீல். நீ என்ன சொல்லவேண்டும் என்பதை மட்டும் நான் எழுதமாட்டேன். சாட்சிக்கு வார்த்தை எழுதிக் கொடுப்பது என் தொழிலில் தப்பு. அது மட்டுமில்லை. நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னால் நீ தடுமாறுவாய். நடந்ததைச் சொல்வதற்கு மனப்பாடம் தேவையில்லை. பாடத்தை உருப்போட்ட பையன் ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடுவான்; வீட்டுக்குப் போகும் வழியைக் கேட்டால் எந்தப் பையனும் திக்கமாட்டான்.

பயத்தை மறைத்து எழுதவும் மாட்டேன். உனக்கு வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். கேட்காமலே, நீயாக முன்வந்து சொன்னால், அதற்கு எடை உண்டு. விசாரணை நாள்வரை காத்திருக்காதே. உடனே தொழிற்சாலை ஆய்வாளரிடம் போய்ப் பூட்டைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள். துடைக்காதே, எண்ணெய் போடாதே. எனக்குத் தபாலில் அனுப்பாதே. உன்னைத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

நெட்டைக்கு நான் ஆஜராக முடியாது. சாட்சி என் அண்ணன். உங்கள் ஊரில் என்னோடு படித்தவர் ஒருவர் இருக்கிறார். மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் விடமாட்டார். அவருக்கு எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன்: இரண்டு வருஷத்தில் எத்தனை சிவப்புப் பூட்டுகள் புதிதாகக் கொடுக்கப்பட்டன என்று ஸ்டோர் ரிஜிஸ்டரில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கத்தரி அன்று ஒரு நாள் மட்டும் வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷம் இந்த வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டது இதுதான். விபத்து என்று நாம் சொல்லும் நாளுக்கு முன்னால், அதே காரியம் விபத்தாகாமல் பல நாள் நடந்திருக்கும்.

இனி தங்கச்சி. வீடு போனால் இங்கே வாருங்கள். மாப்பிள்ளை மாடி அறையை டேப் வைத்து அளந்துவிட்டார். என் சட்டப் புத்தகங்கள் நடைக்கு மாறும். அவருக்கு அது பல நாள் ஆசை. கூரை ஒழுகாது. குழாய்களை மட்டும் நீ தொடக்கூடாது.

அன்புடன்,
கேள்விக்குறி


மே 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். இதை நான் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. நேற்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். உன் அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உன் கடிதம் வந்த அன்றே ஆய்வாளரிடம் போய்விட்டேன். ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிறவர். நேற்று விசாரணைக்கும் வந்து உட்கார்ந்தார். நெட்டையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்ததும் அவன் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

அந்த அம்மாள் பூட்டை மேஜையில் வைத்து, “இது யாருடைய பூட்டு?” என்றார். தங்கச்சி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை இரண்டு மாதமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். “என்னுடையதுங்க” என்றேன். பிறகு சைக்கிளிலிருந்து டீ கிளாஸ் வரை எல்லாம் சொன்னேன். நீ சொன்னது சரி. ஒரு இடத்திலும் திக்கவில்லை.

உன் மெதுவான வக்கீல் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்பது ஃபிட்டர்கள், இரண்டு வருஷத்தில் இருபத்தாறு பூட்டுகள். காரணம் என்ற இடத்தில் எல்லா வரியிலும் ‘தேய்மானம்’.

ஆய்வாளர் அம்மாள் ஸ்டோர்காரரைப் பார்த்தார். “ஏங்க, பூட்டு தேயுமா?”

“தேயாதுங்க.”

“அப்புறம் ஏன் எழுதினீங்க?”

“சூப்பர்வைசர் அப்படி எழுதச் சொன்னார். வெட்டினதுன்னு எழுதினா மேல கேள்வி வருமாம்.”

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, “என் பூட்டையும் வெட்டியிருக்காருங்க” என்றான். பிறகு இன்னொருவன். பிறகு இன்னும் இரண்டு பேர். இவ்வளவு நாளும் ஒவ்வொருவரும் தன் பூட்டை மட்டும்தான் வெட்டினார்கள் என்று நினைத்து, வெட்கப்பட்டுச் சும்மா இருந்திருக்கிறோம்.

சீக்கிரம் சார் கடைசியில் பேசினார். “மேல இருந்து மணிக்கு ஒரு போன் வரும். ஏன் நிக்குது, ஏன் நிக்குதுன்னு. நான் என்ன பண்றது?” என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

முடிவு வர நாளாகும். அதுவரை நான் வேலைக்குப் போகக்கூடாது. வெளியே வந்ததும் நெட்டை, “ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?” என்று கத்தினான். கத்திக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனை ஏற்றிப்போக வண்டி வரும்வரை விடவில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 5

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை மாப்பிள்ளைக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ‘பூட்டு தேயுமா’ என்ற இடத்தில் அவர் மூன்றாம் தரமும் கேட்டார்.

முடிவு வரும்வரை எனக்கும் இருப்புக்கொள்ளாது. பரீட்சை எழுதிய பிள்ளையைவிட வாசலில் நிற்கிறவருக்குத்தான் அதிகம் வியர்க்கும். ஆனால் ஒன்று. உன் எழுத்து நேராகிவிட்டது. அந்தச் சலவை நிலையத்து அம்மாவுக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். பேர், ஊர் சொல்லாமல், ‘ஒருவர் நேரத்தோடு வந்து சொன்னார்’ என்று மட்டும். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதவேண்டும் போலிருந்தது.

மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தேவைப்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தங்கச்சி


ஆகஸ்ட் 30

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

நலத்தோடு எழுதுகிறேன்; நலத்தோடு படி. உன் அண்ணி போனில் ‘நல்லபடியா முடிஞ்சுது’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம். மீதியை எழுதும் மரியாதையை எனக்கு விட்டிருக்கிறாள்.

நெட்டைமேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வைத்தியம் முழுவதும் அவர்கள் பொறுப்பு. எனக்கு எழுத்தில் கண்டிப்பு, வேலைக்குப் போகாத நாட்களே தண்டனை, அதோடு புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதம் ஒரு வகுப்பு எடுக்கவேண்டும். வேலையும் வீடும் இருக்கின்றன. கூரையும் அப்படியே இருக்கிறது, ஒழுகிக்கொண்டு. மாப்பிள்ளை மாடி அறையை என்ன செய்வதென்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும். சீக்கிரம் சாரைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எதுவும் சீக்கிரம் நடக்காது. மணிக்கு ஒரு போன் செய்தவர்களுக்கும் ஆய்வாளர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கத்தரி இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பூட்டின் சொந்தக்காரனை நேரில் பார்த்துப் பேசி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கலாம்.

பாப்பாவுக்குக் கடையில் ஒரு சைக்கிள் பூட்டு வாங்கிக் கொடுத்தேன், நீல நிறம். சிவப்பு வேண்டவே வேண்டாம் என்றாள்.

இன்னொன்று. என் கடிதப் பெட்டியில் ஏப்ரலில் ஒரு தபால்தலை குறைந்திருந்தது. ஷூ பாலிஷ் பெட்டியில் கைக்குட்டை வேறு மாதிரி மடித்திருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே மறுபடியும் என்னைக் கேட்டிருக்கிறாய். உன் அண்ணியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஷூவுக்கு பாலிஷ் போடுவது நான்.

நேற்று நெட்டை கைத்தடியோடு வேலைக்கு வந்தான். லேசாக நொண்டுகிறான், போகப் போகச் சரியாகும் என்கிறார் டாக்டர். புது பூட்டு, புது போட்டோ. பட்டறை வாசலில் வழக்கம்போலத் தலையை இடித்துக்கொண்டான். எல்லோரும் கை தட்டினோம். நேராக என் மேஜைக்கு வந்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, ஒரு கையால் சட்டைப் பையைத் தடவினான்.

“அண்ணே, பூட்டை மறந்துட்டேன். உங்களுதைக் கொஞ்சம் இரவல் குடுங்களேன்.”

பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“குடுக்கமாட்டேன் போடா” என்றேன்.

அவன் சிரித்தான். பையிலிருந்து தன் சிவப்புப் பூட்டை எடுத்து, என் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு சுவிட்சுப் பக்கம் நடந்தான். பூட்டு விழும் ‘க்ளிக்’ சத்தம் என் மேஜைவரை கேட்டது. நான் டீ குடிக்கப் போனேன்.

நிம்மதியோடு,
உன் அண்ணன்